தையலும் மரையும்: தீயணைப்பு ஹோஸின் வரலாறு

தீயணைப்புக் கருவிகளின் வளர்ச்சியைப் பேசும்போது நீரை உந்தும் பம்புக்கே முதலிடம் தரப்படுவதுண்டு. ஆயினும், உந்திய நீரைத் தீயின் அடிவரை கொண்டுசேர்க்கும் வளைகுழாயாகிய ஹோஸ் வந்த பின்னரே பம்பின் வலிமை முழுப்பயன் தந்தது. அந்த ஹோஸின் தரத்தையோ அதன் தையலும் இணைப்புமே தீர்மானித்து வந்துள்ளன.

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களின் தீயணைப்பு எந்திரம், நீர்த்தொட்டியின் மேல் கைப்பம்பையும் உலோக முனையையும் பொருத்திய அமைப்பாகும். முனை தொட்டியோடு பிணைந்திருந்ததால், தெருவில் நின்று நீரைப் பீய்ச்ச முடிந்ததேயன்றி அறைக்குள் எரியும் தீயை எட்ட முடியவில்லை. 1652இல் ஆம்ஸ்டர்டாமின் பழைய நகர மன்றம் எரிந்ததைச் சிறுவயதில் கண்டவரும், பின்னாளில் நகரக் காட்சி ஓவியராகப் புகழ்பெற்றவருமான யான் வான் டெர் ஹைடன், தம் உடன்பிறந்தார் நிக்கொலாஸுடன் சேர்ந்து 1672 அளவில் இக்குறைக்குத் தீர்வு கண்டார். தோலைக் குழாயாகத் தைத்து, ஏறத்தாழ 50 அடித் துண்டுகளாக்கி, முனைகளில் பித்தளைத் திருகு இணைப்புகளைப் பொருத்தியதே அத்தீர்வாகும். 1690இல் வெளியான அவரது நூலில், எரியும் வீடொன்றின் முன்சுவரை நீக்கினாற்போல உட்புறம் காட்டும் செதுக்குப்படம் உள்ளது; ஆட்கள் ஹோஸுடன் மாடிகளுக்குள் நுழைந்து தீயை நேருக்கு நேர் எதிர்கொள்கின்றனர். ஓவியரின் கண்ணும் பொறியாளரின் கணக்கும் ஒன்றுகூடிய அந்தப் படம், தீயணைப்பு முறையே மாறிவிட்டதை எந்த விளக்கவுரையையும்விடத் தெளிவாக உணர்த்துகிறது.

தோல் ஹோஸின் பலவீனம் அதன் தையலே. பம்பின் அழுத்தம் கூடினால் நூல் தெறிக்கும். எண்ணெயோ கொழுப்போ பூசிப் பேணாவிட்டால் தோல் வெடிக்கும். 1801இல் குழாய்வழி நீர் வழங்கத் தொடங்கிய பிலடெல்பியாவில், தெருவோர நீர்முனைகளாகிய ஹைட்ரன்ட்டுகளிலிருந்து நேரடியாக நீரெடுக்க வாய்ப்புப் பிறந்ததும், ஹோஸையே முதன்மைக் கருவியாகக் கொண்ட தன்னார்வக் குழு 1803இல் அங்கு அமைந்தது. அந்நகரின் செல்லர்ஸ், பென்னாக் என்போர் சில ஆண்டுகளில் நூலுக்குப் பதில் உலோக ரிவெட்டுகளை அறைந்து விளிம்புகளை இணைத்தனர். கனமும் விறைப்பும் கூடினாலும், மிகுந்த அழுத்தத்தை ஹோஸ் தாங்கலாயிற்று.

தையலையே நீக்கும் வழியை நெசவு காட்டியது. குழாய்வடிவிலேயே நெய்யப்பட்ட ஆளி நார் ஹோஸில் முதலில் நீர் கசியும். நனைந்த இழைகள் உப்பிக் கண்களை அடைத்ததும் கசிவு பெரிதும் குறையும். பருத்தி உறைக்குள் ரப்பர் பூசும் முறைக்கு 1821இல் ஜேம்ஸ் பாய்டு காப்புரிமை பெற்றார். எனினும் வெயிலில் இளகிக் குளிரில் இறுகும் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி நிலைப்படுத்தும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற பின்னரே, அவ்வகை ஹோஸ் நம்பகமான கருவியாக வளர வழி திறந்தது.

குழாயின் உடல் இவ்வாறு தேறியபோதும் இணைப்பு பின்தங்கியே இருந்தது. ஒவ்வொரு நகரமும் ஹைட்ரன்ட்டின் விட்டத்தையும் திருகு மரையையும் தன் விருப்பப்படி வகுத்துக்கொண்டதன் விளைவு, 1904 பிப்ரவரி 7, 8 நாட்களில் பால்டிமோர் நகரில் பெருந்தீ பரவியபோது வெளிப்பட்டது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் நகரங்களிலிருந்து உதவிக்கு வந்த படைகளுள் பலவற்றின் ஹோஸ்கள் பால்டிமோரின் ஹைட்ரன்ட்டுகளில் பொருந்தவில்லை. சுமார் 1,500 கட்டடங்கள் அழிந்தன. காற்றின் வேகமும் நெருக்கமான கட்டடங்களும் அழிவுக்குக் காரணமாயினும், நீரும் ஆளும் பம்பும் இருந்தும் மரை ஒவ்வாமல் போனதே தவிர்த்திருக்கக்கூடிய இழப்பாகும். மறு ஆண்டே அமெரிக்காவில் நாடு தழுவிய இணைப்புத் தரம் வகுக்கப்பட்டது. ஆனால் பழைய ஹைட்ரன்ட்டுகளை மாற்றும் செலவைத் தவிர்க்கப் பல நகரங்கள் தம் அளவுகளையே வைத்துக்கொண்டன. 1991இல் ஓக்லண்டு மலைப்பகுதி எரிந்தபோது, இரண்டரை அங்குல இணைப்புகளுடன் வந்த வெளியூர்ப் படைகள் அங்கிருந்த மூன்று அங்குல ஹைட்ரன்ட்டுகளுக்கு முன் மாற்றிணைப்பிகளைத் தேட நேர்ந்தது.