ஏரிக்கரைப் பாசியும் நிலத்தடி நீரும்

ஏரிக்கரையோரத்துக் கற்களிலும் மணலிலும் ஒட்டி வளரும் பாசிக்கு வேண்டிய நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய சத்துக்களில் ஒரு பகுதி, ஓடைகளின் வழியாகவோ மழைவெள்ளத்தின் வழியாகவோ அன்றி, பூமிக்கடியில் மெல்ல ஊர்ந்து வந்து ஏரித்தரையில் கசியும் நீரின் மூலமாகவே வந்து சேர்கிறது. பெரும்பாலான ஏரிகளில் இக்கசிவு கரைக்கு அருகே மிகுந்தும், உட்செல்லச் செல்ல விரைவாகக் குறைந்தும் காணப்படும்; சூரிய வெளிச்சம் தரைவரை எட்டுவதும் அவ்விடத்திலேதான் ஆகையால், ஏரிநீரில் கலந்து நீர்த்துப் போவதற்கு முன்பே அச்சத்தினை ஒட்டுப்பாசி தான் பற்றி நிற்கும் இடத்திலேயே பெற்றுக்கொள்கிறது. நடு ஏரியில் மொண்ட நீர் பரிசோதனையில் தூயதாகத் தேறும்போதும் கரை பச்சையேறிக் கிடப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

சத்துக்களின் சுபாவம் ஒன்றுபோல் இருப்பதில்லை. நைட்ரேட் நீரில் எளிதாகக் கரைந்து அதனோடு நெடுந்தூரம் பிரயாணம் செய்யும். பாஸ்பேட்டோ இரும்பும் அலுமினியமும் கலந்த மண்துகள்களில் ஒட்டித் தங்கிவிடும். ஆனால் மணற்பாங்கான நிலத்தில் அத்துகள்கள் நிறைந்துவிட்டாலும், பிராணவாயு அற்றுப்போய் இரும்பு கரையத் தொடங்கினாலும், அதுவும் விடுபட்டு ஏரியை நோக்கி நகரும். மக்கிய தழைகள் மிகுந்த கரையோரச் சதுப்பில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி ஆகாயத்திற்கு அனுப்பிவிடுகின்றன. அச்சதுப்பைத் தூர்த்து வீடு கட்டுவோர் ஏரியின் காவலையே அகற்றுகின்றனர் என்பதில் ஐயமில்லை.

இக்கசிவை அளக்க, எண்ணெய்ப் பீப்பாயைக் குறுக்கே அறுத்து, திறந்த வாயை ஏரித்தரையில் அழுத்தி, மேற்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைப் பொருத்தும் எளிய முறையை டேவிட் லீ என்னும் ஆராய்ச்சியாளர் 1977இல் விவரித்தார். அமெரிக்காவில் கலிபோர்னியா, நெவாடா மாகாணங்களின் எல்லையில், 501 மீட்டர் ஆழமுள்ள டாஹோ ஏரியைப் பற்றி 1979இல் லோயப், கோல்ட்மன் என்னும் விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சியோ, அதனை ஒட்டிய வார்டு பள்ளத்தாக்கிலிருந்து நிலத்தடி வழியே வரும் நீர் ஓடைநீரைவிடக் குறைவாயினும், அது சுமந்து வரும் சத்து அலட்சியம் செய்யத்தக்கதன்று என்பதைப் புலப்படுத்தியது. 1970களிலேயே அவ்வேரிப் பிரதேசத்தின் கழிவுநீர் குழாய்களின் மூலம் வெளியே கொண்டுசெல்லப்பட்டது. எனினும், புல்வெளிகளுக்கு இடும் உரமும், முன்னரே மண்ணில் இறங்கிய கழிவும் பல்லாண்டுகள் தாமதித்தேனும் கரையை வந்தடையக் கூடியவை.

ருஷியாவின் பைக்கால் ஏரியில், லிஸ்ட்வியாங்கா என்னும் ஊரையொட்டி, 2010களின் தொடக்கத்திலிருந்து ஸ்பைரோகைரா பாசி அடர்த்தியாகப் படர்ந்தது. ஊரின் கழிவுக்குழிகளிலிருந்து கசிந்து நிலத்தடி நீரோடு கலந்த சத்தினை இதற்கு ஒரு பிரதான காரணமாக அங்கு ஆராய்ந்தவர்கள் கருதுகின்றனர்; நடு ஏரியின் நீரோ அப்போது பெரிதும் மாறுதலின்றியே இருந்தது.