நாடும் மாநாடும்

கொல்லிமலையில் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. இங்கு 'நாடு' என்பது தேசமன்று. சிற்றூர்கள் பல சேர்ந்த பகுதியாகும். சோழர்காலக் கல்வெட்டுகளிலோ அச்சொல் அப்பகுதி நிலவுடைமையாளர் கூடிய அவையையும் குறித்தது. அவையோர் 'நாட்டார்' எனப்பட்டனர். பல நாட்டார் ஒன்றுகூடிய பேரவை 'பெரியநாடு' எனப்பட்டது. 'மா' என்பதும் பெரியது என்னும் பொருளதே. ஆதலின் பெருங்கூட்டத்தை 'மாநாடு' என நாம் வழங்குவது அப்பழம்பொருளோடு இயைந்ததேயாம்.

அந்த அவைகளில் நம் முன்னோர்க்கு இடமிருந்ததா? முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்நிலக் கணக்கில் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்துக் குறிக்கின்றன. நிலமுடையோர் அவையில் அமர்ந்தனர். நிலத்தில் உழைத்தோர் சேரியில் ஒதுக்கப்பட்டனர்.

காலம் மாறிற்று. 1930ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளர்களாக அமர்ந்து அரசியல் உரிமை கோரினர். நாட்டில் இடம் மறுக்கப்பட்டோரின் குரல் மாநாட்டில் ஒலித்தது!

அக்குரலுக்கு வலிமை தந்தது அவர்கள் பெற்ற கல்வியன்றோ? அவையில் அமர உரிமை வேண்டும். அமர்ந்து வாதிடக் கல்வி வேண்டும். வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தின் நோக்கமும் இதுவே.