ஒரே கரும்பின் ஆட்சி: நெல்லிக்குப்பம் ஆலைப் பரப்பும் செவ்வழுகல் நோயும்

கடலூர் மாவட்டத்தில், கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட நெல்லிக்குப்பத்தில் 1842இல் தொடங்கப்பட்ட சர்க்கரை ஆலை, இந்தியாவின் மிகப் பழைய ஆலைகளுள் ஒன்று. இதைப் பற்றிப் பேசுவோர் ஆலையை நடத்தும் பாரி நிறுவனத்தின் வரலாறு, இயந்திரங்கள், சாராய வடிப்பாலை, சக்கையிலிருந்து எடுக்கும் மின்சாரம் ஆகியவற்றையே பேசுகிறார்கள். ஆலையின் அரவைக்கு வரும் கரும்பு என்ன இரகம் என்ற கேள்வி வேளாண் அலுவலர்களின் பதிவேட்டோடு நின்றுவிடுகிறது. ஆலைப் பரப்பில் எந்த இரகம் எவ்வளவு இருக்கலாம் என்பது தனி உழவரின் விருப்பத்துக்கு விடத்தக்கதன்று, அது பரப்பு முழுமைக்கும் பொதுவான பாதுகாப்பைச் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்குக் காரணம் கரும்பின் இனப்பெருக்க முறையிலேயே இருக்கிறது. நெல்லை விதைக்கிறோம், கரும்பைக் கரணையாக வெட்டி நடுகிறோம். ஆகவே ஓர் இரகத்தின் அத்தனை ஏக்கரும் மரபணு வகையில் ஒரே செடிதான். செவ்வழுகலை உண்டாக்கும் பூசணம் அந்த ஒரு செடியின் எதிர்ப்பை முறியடிக்கக் கற்றுவிட்டால், அதற்கு ஊர் எல்லை இல்லை. நோய் தாக்கிய கரும்பில் மேலிருந்து மூன்றாவது, நான்காவது இலைகள் முதலில் மஞ்சளாகி வாடும். அந்தக் கரும்பை நீளவாக்கில் பிளந்தால் உட்சதை சிவந்திருக்கும். சிவப்பின் நடுவே குறுக்காக வெள்ளைத் திட்டுகள் தெரியும். புளித்த சாராய வாடை மூக்கில் ஏறும். சர்க்கரை அதற்குள் சிதைந்துவிட்டது என்பதற்கு அந்த வாடையே சான்று. கரணை வழியாகவும், பாசன நீர், மழைத்துளி வழியாகவும் நோய் பரவுகிறது. கரணையின் தோலும் கணுக்களின் நாரும் மருந்தை உள்ளே விடுவதில்லை என்பதால், பூசணக்கொல்லியில் நனைத்து நடுவது அரைகுறைக் காப்புதான். மழைக்காலத்தில் வெள்ளம் தேங்கும் கடலூர்ப் படுகைக்கு இது கூடுதல் ஆபத்து.

நம் மாவட்டத்துக்கு இதில் நேரடி வரலாறு உண்டு. கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தந்த கோ.சி. 671, குறைந்த மாதங்களில் முதிர்ந்து சர்க்கரையை வாரித் தந்த கரும்பு. குஜராத் வரை பரவியது. ஆலைகள் அதைக் கொண்டாடின, பரப்பும் பெருகியது. பிறகு செவ்வழுகல் அதை வீழ்த்தியது. அக்கரும்பிலிருந்து பிரித்தெடுத்த பூசண வகையை வைத்துத்தான் இன்றும் புதிய கரும்புகளின் எதிர்ப்புத் திறனைச் சோதிக்கிறார்கள். கடலூர் தந்த கரும்பு கடலூர் தந்த நோய்ச் சோதனையாகவும் நிலைத்துவிட்டது.

அந்த இரகம் வயலிலிருந்து விலகினாலும் அதன் வழித்தோன்றல் ஆள்கிறது. 2000இல் வெளியான கோ 86032, கோ 62198க்கும் கோ.சி. 671க்கும் பிறந்தது. தமிழகத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியை நெடுங்காலமாக அது பிடித்து வைத்திருக்கிறது. நல்ல கரும்பு, கட்டைக்கரும்பாகவும் நன்றாக வரும், செவ்வழுகலை ஓரளவு தாங்கும். அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வடக்கே உத்தரப் பிரதேசத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேலான பரப்பில் கோ 0238 நின்றபோதும் இப்படித்தான் பேசினார்கள். புதிய பூசண வகை ஒன்று அதைத் தாக்கியபின், அந்த மாநிலம் மாற்று விதைக்கரும்புக்கு அலைந்தது. கோ 0238இன் தந்தையும் கோ.சி. 671இன் தந்தையும் ஒன்றுதான்: கோ 775. தெற்கின் முதன்மைக் கரும்புக்கும் வடக்கில் முதன்மையாக நின்ற கரும்புக்கும் ஒரே முன்னோர் என்றால், நம் மரபணு இருப்பு எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

அறிவியல் அடுத்த இரகத்தைத் தந்துவிடும் என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு. தந்திருக்கிறது என்பதும் உண்மை. கோதாவரிப் படுகையில் கரும்பு அழிந்ததன் பின்னணியில் 1912இல் கோயம்புத்தூர் இனப்பெருக்க நிறுவனம் உருவானது; வெள்ளை என்னும் கரும்பையும் நாணலையும் கலந்து பிறந்த கோ 205 1918இல் வெளிவந்தது. ஆனால் காலத்தைப் பாருங்கள். கோ 86032 என்ற எண்ணின் முதல் இரு இலக்கங்கள் 1986ஐக் குறிக்கின்றன, வெளியீடு 2000. பதினான்கு ஆண்டுகள். புதிய பூசண வகை அவ்வளவு காத்திருக்காது. வெளியான இரகத்தின் விதைக்கரும்பைப் பெருக்கவும் சில பருவங்கள் வேண்டும்.

ஏன் உழவர் தாமாகவே இரகத்தை மாற்றுவதில்லை? அவருக்கு விலை எடையின்மீது. சர்க்கரைக் கட்டுமானம் ஆலையின் சராசரியாகத்தான் கணக்கிடப்படுகிறது. தன் வயலின் இனிப்பு தனக்குத் தனியாகப் பலன் தராது. புதிய இரகத்தை நட்டு எடை குறைந்தால் இழப்பு முழுதும் அவருடையது. அவ்வயல் நோய்க்குத் தடுப்பாக நின்றால் பலன் அண்டை வயல்களுக்கும் ஆலைக்கும் போகிறது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஆலைக்குரிய பரப்பு ஒதுக்கப்படுகிறது. அந்த எல்லைக்குள் ஆலைதான் கரும்பைப் பதிவு செய்து, வெட்டு உத்தரவும் தருகிறது. பதிவு அதிகாரம் யாரிடம் உள்ளதோ, பரப்பின் இரகக் கலவைக்கும் அவரே பொறுப்பேற்பதுதான் நியாயம்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. முன்பட்டம், நடுப்பட்டம், பின்பட்டம் என ஒவ்வொரு நடவுக்கும் பதிவின்போதே இரகத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம்; எந்த இரகமும் ஆலைப் பரப்பில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது என் கருத்து. கோ 11015 போன்ற புதிய இரகங்களை முன்பட்டத்தில் நடுவோருக்கு எடை குறைந்தால் ஈடு செய்யும் தொகையை ஆலை ஏற்க வேண்டும். விதைக்கரும்பு எந்த வயலிலிருந்து வருகிறது என்பதை ஒற்றைப்பரு நாற்றங்கால் வரை பதிந்து வைக்க வேண்டும். கடலூர் செம்மண்டலத்தில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஆண்டுதோறும் நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு ஆலைப் பரப்புகளில் எந்த இரகம் எவ்வளவு, எங்கே நோய் தென்பட்டது என்ற வரைபடத்தை உழவர் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அடுத்த முன்பட்டப் பதிவு தொடங்குமுன் முதல் வரைபடம் வந்தால், உச்சவரம்பை அதை வைத்தே கணக்கிடலாம்.