தேனிலவும் இருப்புப் பாதையும்

தலைநகரில் வாழும் நம் குடும்பங்களில் விவாகம் நிச்சயமானவுடன் முகூர்த்தம், மண்டபம், சீர்வரிசை ஆகியவற்றைப் பற்றி மாதக்கணக்கில் ஆலோசிக்கிறோம். மணமக்கள் மேற்கொள்ளும் முதற் பிரயாணத்தையோ, யாரேனும் ஒரு நண்பர் சொன்ன ஊருக்கு என்று ஒரு மாலைப் பொழுதில் முடிவு செய்துவிடுகிறோம். அப்பிரயாணத்திற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதனை அறிந்தால் ஏற்பாடும் செம்மையுறும் என்றெண்ணியே இதனை எழுதத் துணிந்தேன்.

'தேனிலவு' என்பது ஆங்கிலச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. 16-ஆம் நூற்றாண்டில் அச்சொல் பிரயாணத்தைக் குறிக்கவில்லை. முழுமதிபோல் ஒளிர்ந்து பின் தேயும் புதுமணக் காதலையே குறித்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் செல்வர் வீட்டுத் தம்பதிகள், திருமணத்திற்கு வர இயலாத உறவினரைக் காண ஊர் ஊராகச் சென்றனர். நம்மவரின் மறுவீடும் விருந்தும் இதனின்று பெரிதும் வேறல்ல. புகைவண்டி பெருகிய பிறகே உறவினர் வீடு பின்தங்கி, மலையும் கடற்கரையும் முன்வந்தன. இத்துறையில் ஊழியம் புரிபவன் என்ற முறையில் இதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு!

தில்லிவாசிகளுக்கு மலை என்றால் முதலில் சிம்லாவே. 1864-இல் அது ஆங்கில ஆட்சியின் கோடைத் தலைநகராயிற்று. 1891-இல் இருப்புப் பாதை கால்காவை எட்டியது. 1903-இல் அங்கிருந்து சிம்லா வரை இரண்டரை அடி அகலப் பாதை திறக்கப்பட்டது. 96 கிலோமீட்டர் தூரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட குகைகளைக் கடந்து, சுமார் 1,400 மீட்டர் ஏறுகிறது அவ்வண்டி. 2008-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் செல்வங்களுள் சேர்த்தது. அந்நாளில் ஆண்டுதோறும் கோடையில் சர்க்கார் காரியாலயங்கள் கோப்புகளுடன் மலையேறின. உடன் சென்ற குமாஸ்தாக்களில் தென்னாட்டாரும் இருந்தனர். பாட்டனார் கோப்புக் கட்டுடன் சென்ற பாதையில் பேரன் மனைவியுடன் செல்கிறான். பரோக் குகையை இரு முனைகளிலிருந்தும் குடைந்த பொறியாளர், அவை சந்திக்காமற்போன துயரத்தில் உயிர்நீத்தார் என்றொரு கதை வழங்குகிறது. புதுமணத் தம்பதிகளுக்கு வழியில் அதனைச் சொல்லாதிருப்பது நலம்.

இனி ஏற்பாட்டிற்கு வருவோம். ஊரைத் தேர்ந்தபின் நாளைப் பார்ப்பது தவறு. முகூர்த்த மாதமே மலையைத் தீர்மானிக்க வேண்டும். வைகாசியில் மணம் முடிப்போர் தில்லியின் வெயிலுக்கு அஞ்சிச் சிம்லாவுக்கு ஓடுகின்றனர்; வடநாடு முழுவதும் அவ்வாறே ஓடுகிறது. 2018 மே மாதத்தில் அங்கு குடிநீர்ப் பஞ்சம் முற்றி, பிரயாணிகள் வரவேண்டா என்று உள்ளூரார் வேண்டிக்கொள்ளும் நிலை உண்டாயிற்று. ஆவணி முகூர்த்தமோ மழைக் காலத்தில் விழுகிறது. 2023 ஆகஸ்டு 14 அன்று சம்மர் ஹில் அருகே மண்சரிவில் ஒரு சிவாலயம் அழிந்து பலர் மாண்டனர். தண்டவாளம் அடியில் மண்ணின்றி அந்தரத்தில் தொங்கிற்று. ஆகவே ஆவணியில் மணந்தோர் ஐப்பசி வரை பொறுப்பதே அறிவுடைமை. அப்பொழுது வானம் தெளிந்து பனிமலைச் சிகரங்கள் புலப்படும்.

நீலகிரிக்கு இக்கணக்கு தலைகீழ். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூருக்கும், 1908-இல் உதகைக்கும் சென்ற பற்சக்கர இரயில், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் மண் சரிந்து நின்றுபோவதுண்டு. தை மாதத்தில் சொந்த ஊரில் மணம் முடித்துத் தில்லி திரும்புவோர், இங்கு வந்து சிம்லாவின் உறைபனியில் நடுங்குவதைவிட, கம்பளியுடன் உதகையில் மூன்று நாள் தங்கி வருவது சிக்கனமும் சுகமும் ஆகும்.

மூன்று நாளே போதுமா எனலாம். போதும். இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் மாமனார், மாமியார், நாத்தனார், வேலைதேடி வந்த மைத்துனன் என அனைவருக்குமிடையே குடித்தனம் தொடங்கும் பெண்ணுக்கு, கணவனோடு தாழ்ந்த குரலின்றிப் பேசக் கிடைப்பது அந்த மூன்று நாளே. அதனைப் பெரியோர் ஆடம்பரமென்று கருதலாகாது. பிள்ளைகளும் அதற்காகக் கடன்படலாகாது. திரும்பி வந்தபின் ஓராண்டு வட்டி கட்டும் வீட்டில் அந்தப் பேச்சே சண்டையாகும். 1961-இல் ஸ்ரீதரின் 'தேன் நிலவு' திரைப்படம் காஷ்மீரைக் காட்டிய நாள் முதல் நம் இளைஞருக்கு ஏரியும் படகும் இன்றித் தேனிலவே இல்லை! 2025 ஜூனில் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு இரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. ஆயினும் நாலு நாள் விடுமுறையில் இரண்டு நாளைப் பெட்டி தூக்குவதில் கழிப்பதை என்னால் ஒப்ப முடியவில்லை.

ஐப்பசிப் பயணத்திற்குத் தலைதீபாவளி குறுக்கே வரும். பெண் வீட்டாரிடம் முன்னரே பேசி, பண்டிகைக்கு முந்தைய வாரமோ பிந்தைய வாரமோ என்று இரு சம்பந்திகளும் கூடித் தீர்மானித்துக் கொள்ளலாம். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து இரயிலில் இடம் பதிவு செய்ய 60 நாள் அவகாசமே உள்ளது. அந்நாளைக் காலண்டரில் குறித்து வைத்தல் வேண்டும். மணமகளுக்குச் சீட்டு வாங்கும்பொழுது கணவன் பெயரைச் சேர்க்க அவசரப்பட வேண்டா. அடையாள அட்டையில் தந்தை வீட்டில் எப்பெயர் உள்ளதோ, அப்பெயரிலேயே வாங்குக.