ஜனவரி 26-இல் கடலில் இறந்தவர்கள்

இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்துக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. சேர்ந்த சுமார் 25 லட்சம் பேரும் தாமாக வந்தவர்கள்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. அவர்களில் பல்லாயிரம் பேர் கைதிகளானார்கள். 16-ஆவது பஞ்சாப் ரெஜிமென்ட்டின் 2-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 491 கைதிகளை 'புயோ மாரு' என்ற கப்பலில் ஜப்பான் ஏற்றிச் சென்றது.

1943 ஜனவரி 26 அன்று, நியூகினியாவுக்கு வடக்கே, அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் 'வாஹூ' அதை மூழ்கடித்தது. படகுகளில் தப்பியவர்களை ஜப்பானியச் சிப்பாய்கள் என்று நினைத்து அதன் கேப்டன் மார்ட்டன் சுடச் சொன்னார். அன்று 195 இந்தியர்கள் இறந்தார்கள். பிடித்தது எதிரி, கொன்றது நேச நாடு.

1930 முதல் காங்கிரஸ் சுதந்திர தினமாகக் கடைப்பிடித்த நாளும் ஜனவரி 26-தான். எந்த அரசிடம் நாடு விடுதலை கேட்டதோ, அதே அரசின் சீருடையில்தான் அவர்கள் சிறைப்பட்டிருந்தார்கள். இன்று அது குடியரசு தினம். கொடியேற்றும்போது அந்த 195 பேரையும் ஒரு நிமிடம் நினைக்கலாம்.