நாமும் நாங்களும்

கிரீ மொழியில் 'கியானவ்' என்றால் நாம். 'நியனான்' என்றால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் அல்கோன்கியன் மொழிக் குடும்பத்தை நான் வாசிக்கத் தொடங்கியது இதனால்தான். கிரீ, ஒஜிப்வே, இன்னு எல்லாம் இக்குடும்பத்தில் அடக்கம். தமிழோடு உறவு ஒன்றும் கிடையாது, தற்செயலான ஒற்றுமை.

இம்மொழிகள் அச்சேறிய வரலாறு முரண்கள் நிறைந்தது. 1663இல் ஜான் எலியட் என்ற பாதிரியார் மாசசூசெட் மொழியில் முழு பைபிளை வெளியிட்டார். வட அமெரிக்காவில் அச்சான முதல் முழு பைபிள் அது. அச்சு வேலையில் இருந்தவர்களில் ஒருவர் நிப்மக் இனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரின்டர். மதம் மாற்றுவதற்காக வந்த நூல்! அம்மொழியைப் பேசிய வாம்பனோவாக் மக்களிடையே பின்னர் பேச்சு வழக்கே நின்றுபோனது. 1993இல் ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் மொழியை மீட்கக் கிளம்பியபோது, அதே பைபிளும் முன்னோர் எழுதிவைத்த நிலப்பத்திரங்களும்தான் கைகொடுத்தன. உச்சரிப்பைச் சகோதர மொழிகளிலிருந்து ஊகிக்க வேண்டியிருந்தது. அவருடைய மகள் அதைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தாள்.

குரல் இன்னும் மிஞ்சியிருக்கும் மொழிகளுக்கு அந்த நிலை வரக்கூடாது. கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பூர்வகுடிப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில்தான். பல ஊர்களில் சரளமாகப் பேசுகிறவர்கள் இன்று முதியவர்களே.

கார்ல்டன் பல்கலைக்கழகத்தின் மரி-ஒடில் ஜங்கர் பூர்வகுடிச் சமூகங்களோடு சேர்ந்து உருவாக்கிய அல்கோன்கியன் மொழி வரைபடம் இங்கேதான் முக்கியமாகிறது. இணையத்தில் ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து, வரைபடத்தில் ஊர் ஊராகத் தட்டினால், அந்தந்த ஊர்க்காரர் குரலிலேயே கேட்கலாம். எந்த ஊர்ப் பேச்சு சரி என்ற தீர்ப்பெல்லாம் கிடையாது. இன்னு, கிழக்குக் கிரீ, அட்டிகமெக் அகராதிகளும் தொழில்நுட்பத்தைப் பகிர்ந்துகொள்கின்றன; ஆனால் ஒன்றாகக் கலந்துவிடவில்லை.

மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் என்னை அதிகம் கவர்ந்தது அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தின் 'இத்வேவினா' என்ற கிரீ அகராதி. கிரீ மொழியில் 'நிபாவ்' என்றால் தூங்குகிறார், 'நினிபான்' தூங்குகிறேன், 'கினிபான்' தூங்குகிறாய். சொல்லின் தலையே மாறுவதால் அகரவரிசையில் தேடினால் அகப்படாது. இத்வேவினா எந்த வடிவத்தைத் தட்டினாலும் அடிச்சொல்லைப் பிரித்துக் காட்டும். இதன் அடித்தளம், நார்வேயின் டிரொம்சோ பல்கலைக்கழகத்தில் சாமி மொழிகளுக்காகக் கட்டப்பட்டது. சொற்களோ ஆரோக் வுல்வென்கிரேயின் 2001ஆம் ஆண்டு அகராதியிலிருந்தும் மாஸ்குவாச்சீஸ் சமூகத்தின் அகராதியிலிருந்தும் வந்தவை. எந்தச் சொல் எதிலிருந்து வந்தது என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது.

எனக்கு அந்தச் சின்னக் குறிப்பு பெரிய விஷயமாகப்படுகிறது. முந்நூறு ஆண்டுகளாக இவர்களுடைய சொற்களை வெளியார் எழுதி எடுத்துப்போனார்கள். அதே வேலையை இணையம் இன்னும் வேகமாகச் செய்துவிடக்கூடும். எல்லாவற்றையும் ஒரே டேட்டாபேஸில் கொட்டுவது சுலபம். யாருடைய சொல், யார் திருத்தலாம் என்பதைப் பேசுகிறவர்களிடமே விடுவதுதான் கடினம். மென்பொருளைப் பொறுத்தவரை 'நாம்' என்று சொல்லலாம். சொற்களைப் பொறுத்தவரை 'நாங்கள்' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கவேண்டும்.