ஆலைகள் மனைகளாதல்: பரந்தனை முன்னிட்டு ஒரு நோக்கு

தொழில் ஒழிந்த ஆலையை யாது செய்வது என்னும் வினாவிற்கு வரலாற்றில் இருவகை விடைகள் காணப்படுகின்றன. அவற்றை நோக்கியபின் நமது வன்னிப் பெருநிலப்பரப்பிலுள்ள பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை எண்ணிப் பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, சுவரைக் காத்து உள்ளிடத்தை மாற்றுதல். வியன்னா நகருக்கு எரிவாயு வழங்கும்பொருட்டு 1896 முதல் 1899 வரை கட்டப்பெற்ற நான்கு வாயுத்தாங்கிகள், இயற்கைவாயு வந்தபின் 1984இல் ஓய்ந்தன. அவற்றின் செங்கற் புறச்சுவர்கள் பேணப்பட்டன; உள்ளே வீடுகளும் கடைகளும் மாணவர் விடுதியும் அமைந்து 2001இல் மக்கள் குடியேறினர்.

இரண்டாவது, நிலத்தை மட்டும் கொள்ளுதல். கொழும்பு வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் மலையாளத் தொழிலாளர் பெருந்தொகையினராய் உழைத்தனர். 1933இல் அங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தத்தில் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்றார். இலங்கை இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றை அதனை விடுத்து எழுதுதல் இயலாது. இன்று அந்நிலத்தில் ஹவ்லொக் சிற்றி என்னும் தொடர்மாடி மனைகள் நிற்கின்றன. அப்பெயரில் ஆலையின் சுவடு யாதுமில்லை.

இனிப் பரந்தனுக்கு வருவோம். உப்பை மின்பகுப்புச் செய்து எரிசோடாவும் குளோரீனும் ஆக்கும் இவ்வாலை, ஆனையிறவு உப்பளத்திற்கு அண்மையில் 1950களில் எழுந்தது. வேளாண்மையையே பெரிதும் நம்பியிருந்த வன்னியில் அது ஒரு புதுவழி. போரினால் 1980களின் நடுப்பகுதியில் உற்பத்தி நின்றது. 2009இல் போர் முடிந்தபோது எஞ்சியவை சிதைவுகளே.

அதனை மனையாக்கலாமோ எனின், உடனே ஆம் எனல் தகாது. உலகில் இவ்வகை ஆலைகள் பலவற்றில் இரசம் பயன்பட்டது. மண்ணிற் படிந்த இரசம் எளிதில் நீங்காது. ஆதலின் மண்ணாய்வு முந்துதல் வேண்டும். அன்றியும், தொடர்மாடி நிலம் அரிதான மாநகருக்கு உரியது. வளவும் கிணறும் பயன்தரு மரங்களும் சூழ வாழும் வன்னி மக்களுக்கு அதன் தேவை சிறிதே.

ஆயினும், அவ்விடத்தில் எதனை அமைப்பினும் பழைய சுவரொன்றையேனும் பேணல் வேண்டும். வன்னியின் வரலாறு வன்னிபங்கள், குளங்கள், போர் என்னும் மூன்றனுள் அடங்குவதன்று. இங்கே மூன்று தசாப்தகாலம் இரசாயனக் கைத்தொழில் நடந்ததும், அதில் எம்மவர் உழைத்ததும் அவ்வரலாற்றின் பகுதியே. வெள்ளவத்தை இழந்ததைப் பரந்தனும் இழத்தல் ஆகாது.